சாம்பல் கட்டம்

பத்து மணி அடித்த கையோடு ஜெசிந்தா டீச்சர் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விடைத்தாளைக் கொடுத்து முடித்துவிட்டாள். முப்பத்தாறு தாள், முப்பத்தைந்து பிள்ளைகள், கையில் மீந்தது ஒன்று. ஒவ்வொரு தாளிலும் பிள்ளையின் பெயரும் எண்ணும் அச்சடித்தே வரும், அதனால் இது யாருடையது என்று தெரியாதமாதிரி இருக்க முடியாது. கே. நாகஜோதி, 9 அ. பெயருக்கு வலப்பக்கம் ஒரு சின்ன வட்டம், அதன் பக்கத்தில் 'வரவில்லை'. கண்காணிக்கிற டீச்சர் அந்த வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டால் போதும், மற்றதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். மூன்று விநாடி வேலை. இருபத்திரண்டு வருஷமாகப் பேனா பிடிக்கிற கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? செய்துவிட்டு நாற்காலியில் உட்கார வேண்டியதுதான், முழங்கால் வேறு காலையிலிருந்து கெஞ்சிக்கொண்டிருக்கிறது. செய்யலாம், ஒரு நிமிஷம் போகட்டும். முதலில் பிள்ளைகள் எண்ணைச் சரிபார்க்கட்டும். ரெஜினா, பேசாதே, முன்னால் பார். ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சில் ஓர் ஆள் இடம் காலியாக இருக்கிறது. அந்த பெஞ்சுப் பிள்ளைகள் இரண்டு பேரும் தாராளமாக நகர்ந்து உட்கார்ந்திருக்கலாம், பதினைந்து வாரம் ஆகிறது, நகரவில்லை. இதுகளுக்குத்தான் என்ன பிடிவாதமோ. கொஞ்சம் நகர்ந்து அந்த இடத்தை மூடித் தொலைத்தால் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தாள், நினைத்ததும் அவளுக்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது. நிர்வாகத்துக்கு மொத்தம் பதினோரு பள்ளிக்கூடம். பதினொன்றுக்கும் ஒரே நாள், ஒரே வினாத்தாள், நாற்பது கேள்வி, ஒவ்வொரு கேள்விக்கும் நாலு வட்டம். தாளை இயந்திரத்தில் விட்டால் சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நிறமாகிவிடும். இருபத்தைந்தும் அதற்கு மேலும் பச்சை, அதற்குக் கீழே மஞ்சள், பதினாலு கூட வராவிட்டால் சிவப்பு. சிவப்பு என்றால் படிப்பை விட்டு நின்றுவிடக்கூடிய பிள்ளை என்று அர்த்தம். பயிற்சி வகுப்பில் டை கட்டிக்கொண்டு வந்த தம்பி அப்படித்தான் சொன்னான், சீக்கிரம் தெரிந்தால் சீக்கிரம் காப்பாற்றிவிடலாம் டீச்சர் என்று. நல்ல தம்பி. அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. தேர்வு எழுதாத பிள்ளைக்கு மட்டும் நிறம் கிடையாது, அதற்குச் சாம்பல் கட்டம். அடுத்தடுத்து மூன்று தேர்வில் சாம்பல் விழுந்தால் பெயர் தானாகவே வேறொரு பட்டியலுக்கு இறங்கிவிடும். அந்தப் பட்டியலை யாரும் திறப்பதில்லை. நாகஜோதிக்கு ஜூலையில் ஒன்று விழுந்தது, அக்டோபரில் ஒன்று விழுந்தது, இது மூன்றாவது.

அவள் சுவரோரமாக ஒரு நடை போய்விட்டு வந்தாள். சத்துணவுக் கூடத்தில் முட்டை வேகிற வாடை அதற்குள் வந்துவிட்டது. சில பிள்ளைகளைத் தேர்வன்று வர வேண்டாம் என்கிற இந்த வழக்கத்தை யார் ஆரம்பித்தது என்று கேட்டால் ஆசிரியர் அறையில் ஒருவருக்கும் பதில் தெரியாது, நல்லவேளை, தெரிந்தால் அவரைப் பிடித்து நாலு வார்த்தை கேட்க வேண்டியிருக்கும், கேட்கிற யோக்கியதை யாருக்கு இருக்கிறது. ஒரு சிவப்பு விழுந்தால் ஆறு பக்கப் படிவம். பெற்றோரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும், வீட்டுக்குப் போக வேண்டும், போனதற்கு அத்தாட்சியாக அவர்கள் வீட்டு வாசலில் நின்று படம் எடுத்து ஏற்ற வேண்டும், தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளையோடு உட்கார வேண்டும். இதையெல்லாம்கூடச் செய்துவிடலாம். மாதா மாதம் நிர்வாக அலுவலகத்தில் பதினோரு பள்ளி ஆசிரியர்களும் உட்கார்ந்திருக்க, எழுந்து நின்று, ஏன் இந்தப் பிள்ளை இன்னும் சிவப்பு என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும் பாருங்கள், அதுதான் ஆகாது. இந்தத் தேர்வு வந்த முதல் வருஷம் அவள் வகுப்பில் ஐந்து சிவப்பு. எழுந்து நின்றாள். முகத்தில் ரத்தம் ஏறியதை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. அந்த ஐந்தில் ரெஜினாவை மட்டும்தான் ஒழுங்காகப் பார்த்தாள், அவள் வீட்டுக்கு மூன்று தடவை போனாள், அவள் அம்மாவிடம் மல்லுக்கு நின்றாள், ரெஜினா இன்று பச்சை, அதோ நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதுகிறது. அப்படியென்றால் செய்ய முடியும் என்றுதானே ஆகிறது. முடியாது என்றிருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். அடுத்த வருஷம் யாரோ ஒருவர், அறிவியல் டீச்சராக இருக்கலாம், தமிழய்யாவாக இருக்கலாம், ஏன் அவளேயாகக்கூட இருக்கலாம், தேறாத பிள்ளைகள் அன்றைக்கு எதற்கு வர வேண்டும், காய்ச்சல் என்று லீவு போடச் சொன்னால் போயிற்று என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவரவர் வகுப்புக்குப் போய் அதையே செய்தார்கள். அந்த வருஷம் பள்ளியில் ஒரு சிவப்பும் இல்லை. காலை வழிபாட்டில் பெயர் வாசித்துச் சால்வை போர்த்தினார்கள். ஊதா நிறச் சால்வை. பீரோவில் கிடக்கிறது, போர்த்தவும் முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது.

பதினொன்றாவது கேள்விக்கு வந்துவிட்டார்கள் போல, பக்கம் புரட்டுகிற சத்தம். இன்னும் அந்த வட்டத்தைக் கறுப்பாக்கவில்லை. பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள். ஜூலையில் நாகஜோதி ஒன்றுமே கேட்கவில்லை. நாளைக்கு வர வேண்டாம் என்றதும் சரி டீச்சர் என்று தலையாட்டிவிட்டு, தேர்வுக்கு மறுநாள் காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அக்டோபரில்தான். குழாயடியில் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகள் போகட்டும் என்று காத்திருந்து பக்கத்தில் போனது நன்றாக நினைவிருக்கிறது. இந்தமாதிரி விஷயத்தை யார் காதிலும் விழாமல் சொல்ல வேண்டும் என்கிற அளவுக்கு வெட்கம் இருந்திருக்கிறது, நிறுத்துகிற அளவுக்கு இல்லை. "நாளைக்கு நீ வர வேணாம், புரியுதா? காய்ச்சல்னு லெட்டர் மட்டும் கொண்டாந்துரு." அந்தப் பிள்ளை குழாயை மூடவில்லை. "இந்தவாட்டி நான் எழுதுறேன் டீச்சர்." "எழுதுனா சிவப்பு வரும்டி." "வரட்டும் டீச்சர்." அவளுக்குச் சிரிப்பு வந்தது. எல்லாரும் சிவப்புக்குப் பயந்து சாகிறார்கள், இவள் வரட்டும் என்கிறாள். "சிவப்பு வந்தா வீட்டுக்கு வருவீங்கள்ல டீச்சர்? ரெஜினா வீட்டுக்குப் போனீங்கள்ல. எங்க அப்பாகிட்ட ஒரு வார்த்தை…" அதற்குள் மணி அடித்துவிட்டது. மணி அடித்தது நிஜம்தான், அவள் இட்டுக்கட்டவில்லை, அடுத்த பாடவேளை எட்டாம் வகுப்பு, போக வேண்டியிருந்தது. ஆனால் மணி எதையும் காதில் விழாமல் செய்துவிடவில்லை. அப்பாகிட்ட ஒரு வார்த்தை என்றால் என்ன வார்த்தை என்று பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடப் புரியும். இந்தப் பக்கம் பெண்பிள்ளையைப் பற்றி அப்பாவிடம் பேசுவதற்கு இரண்டே விஷயம்தான் உண்டு, ஒன்று கல்யாணம், இன்னொன்று நூல் மில் வேலை. "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். சொன்னதைச் செய்." இதைச் சொன்னது அவள்தான். வேறு யாரும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் திரும்பி நடக்கும்போது பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, குழாயை மூடு என்று அதட்டினாள், அந்தப் பிள்ளை மூடியது. மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. காய்ச்சல் லெட்டரை அவள் சொன்னபடியே வேறொரு பிள்ளையிடம் கொடுத்தனுப்பியிருந்தாள், அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

போன சனிக்கிழமை கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்கால்போட்டு, கோபப்பட்டேன் சாமி, மாலை ஜெபத்தைத் தவறவிட்டேன், நாத்தனாரைப் பற்றிப் புறம் பேசினேன், பொய் சொன்னேன் என்று ஒப்பித்தாள். அந்தக் கடைசி வார்த்தைக்குள் நாகஜோதியைத் திணித்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். சாமியாரும் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை, மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். மூன்றுதானா என்று இருந்தது. கடையில் பாக்கி அதிகமாகக் கொடுத்துவிட்டால் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் உள்ளவள் அவள், இதை மட்டும் திருப்பிக் கொடுக்காமல் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். பொய் சொன்னேன் என்பது சரியான வார்த்தையும் இல்லை. வேனைப் பார்த்ததை எந்த வார்த்தையில் சேர்ப்பது? மூன்று வாரத்துக்கு முன்னால், பொங்கல் கழித்துப் பள்ளி திறந்த அன்று காலையில், பேருந்து ரயில்வே கேட்டில் நின்றது, பக்கத்தில் மில் வேன் நின்றது. இரண்டு ஜன்னலுக்கும் இடையில் ஒரு முழம். உள்ளே நீலச் சட்டை போட்ட பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி மட்டும் தூங்கவில்லை. சட்டை தொளதொளவென்று இருந்தது, பதினெட்டு வயது என்று எழுதிக் கொடுத்துச் சேர்த்த பிள்ளைக்குப் பதினெட்டு வயதுச் சட்டைதானே கொடுப்பார்கள். நாகஜோதி அவளைப் பார்த்தாள். பார்த்ததும் வேனுக்குள்ளேயே பாதி எழுந்தாள். டீச்சர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து சொல்லிக் கொடுத்த பழக்கம், கூரையில் தலை இடித்தது, அப்படியே குனிந்து நின்றாள், வாய் குட் மார்னிங் டீச்சர் என்று அசைந்தது. ஜெசிந்தா டீச்சர் என்ன செய்தாள்? கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். கண்ணாடிக் கூடு, ஜெபமாலை, தைலப் புட்டி, எல்லாம் கைக்குத் தட்டுப்பட்டது, ஒன்றையும் எடுக்கவில்லை, ரயில் போகிற வரைக்கும் தேடினாள். நிமிர்ந்தபோது வேன் போய்விட்டிருந்தது. அந்தப் பிள்ளை எப்போது உட்கார்ந்தது என்று தெரியவில்லை. உட்காரு என்று யாராவது கைகாட்டியிருக்க வேண்டும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, கணவனிடமும் சொல்லவில்லை, கல்லூரியில் படிக்கிற மகளிடம் சொல்லவே முடியாது, அவள் ஒரே கேள்விதான் கேட்பாள், நீ ஏம்மா இறங்கிப் போகலை என்று.

முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. நேற்று சாயங்காலம் இந்த வகுப்பில் வந்து நின்று, வழக்கம்போல இரண்டு பெயரைக் கூப்பிட்டுத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. வாய் திறக்கவில்லை. அந்த இரண்டு பிள்ளைகளும் இன்று வந்திருக்கின்றன, ஒன்று பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறது. மனசு திருந்திவிட்டது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் திருந்தியவள் இப்படி ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கமாட்டாள். பயம்தான். இன்னொரு ஜன்னலில் இன்னொரு முகத்தைப் பார்க்க வேண்டிவருமோ என்கிற பயம். அவள் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். மீந்த வினாத்தாளை எடுத்தாள். முதல் கேள்வி பின்னம் கூட்டல். மேலே உள்ள இரண்டையும் கூட்டி, கீழே உள்ள இரண்டையும் கூட்டி, நாகஜோதி இரண்டாவது விடையைத்தான் போடுவாள், பேனா விடைத்தாளில் அந்த வட்டத்தைத் தேய்த்தது, தான் தேய்ப்பது பாதியில்தான் உறைத்தது. நிறுத்தவில்லை. இரண்டாவது, கழித்தல் குறி இருந்தால் அந்தப் பிள்ளை பெரிய எண்ணிலிருந்துதான் கழிக்கும், நாலாவது வட்டம். மூன்றாவது ஒரு பேருந்து அட்டவணை, இது சரியாக வரும், நேரக் கணக்கில் அவளை அசைக்க முடியாது. நாலாவது நீளமான பத்தி, இரண்டு வரி படித்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள், அப்புறம் முதல் விடையைப் போடுவாள், படிக்காத கேள்விக்கெல்லாம் அவளுக்கு முதல் விடைதான். ஏழாவது தப்பு. ஒன்பதாவது தெரியும், ஆனால் அவசரத்தில் மாற்றிப் போடுவாள். இவ்வளவும் தெரிந்திருக்கிறது. அந்தப் பிள்ளை எங்கே தடுக்கும், எங்கே எழும், எந்தக் கேள்வியில் உதட்டைக் கடிக்கும் என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கவா மென்பொருள் வேண்டியிருந்தது? நாற்பதும் முடிந்ததும் கூட்டிப் பார்த்தாள், பதினொன்று சரி. நல்ல சிவப்பு. இரண்டு வருஷம் பாடம் நடத்திய பிள்ளைக்கு அவள் முதன்முதலாக நியாயமாக ஒரு மதிப்பெண் போட்டிருக்கிறாள், அதுவும் திருட்டுத்தனமாக. தாளின் அடியில் 'மாணவி கையொப்பம்' என்று ஒரு கட்டம் இருந்தது. பேனா அங்கே போய் நின்றது. கே. நாகஜோதி என்று எழுதுவது ஒன்றும் கஷ்டமில்லை, அந்தப் பிள்ளை எழுத்து எப்படி வலப்பக்கம் சாயும் என்பது தெரியும். ஆனால் கை ஓடவில்லை. இதையும் எழுதிவிட்டால் சாயங்காலம் சிவப்பு விழும், நாலு நாள் கழித்து இவள் கைபேசிக்கே செய்தி வரும், நாகஜோதி ஆபத்தில் இருக்கிறாள், வீட்டுக்குப் போய்ப் பாருங்கள் என்று. அப்போதுதான் தெரிந்தவள்மாதிரி புறப்பட்டுப் போகலாம், வாசலில் நின்று படம் எடுக்கலாம், ஒருவேளை இன்னொரு சால்வைகூடக் கிடைக்கும். கட்டத்தை அப்படியே விட்டுவிட்டுப் பேனாவை மூடினாள்.

பதினொன்றரைக்கு மணி அடித்ததும் தலைமையாசிரியர் சவரிமுத்து சாரே தாள்களை வாங்க வந்துவிட்டார், இயந்திரத்துக்குப் போவதற்கு முன்னால் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. பிள்ளைகள் சாப்பாட்டுக்கு ஓடின. அவர் நின்றபடியே எண்ணினார். "முப்பத்தாறு தாள்லயும் எழுதியிருக்கே டீச்சர், வருகைல முப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கீங்க." மறுபடி எண்ணினார். ஒரு தாளில் விரல் நின்றது. "இதுல கையெழுத்து இல்லை." பெயரைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். "இது யாரு எழுதுனது?"

"நான்தான் சார்." கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தாள். "அவ வந்து எழுதியிருந்தா இதான் சார் வந்திருக்கும். ஜூலைலயும் வர வேணாம்னு சொன்னேன், அக்டோபர்லயும் சொன்னேன். எழுதுறேன்னு சொன்னா சார் அந்தப் பிள்ளை. வீட்டுக்கு வந்து அப்பாகிட்டப் பேசுங்கன்னு கேட்டா. நான்தான் போடின்னுட்டேன்."

சார் கதவுப் பக்கம் பார்த்தார். வராந்தாவில் யாரும் இல்லை. "மெதுவாப் பேசுங்க. என்ன டீச்சர் நீங்க, வெவரம் தெரிஞ்சவங்க. இந்தத் தாளை மெஷின்ல ஏத்துனா நாளைக்கு நம்ம ரெண்டு பேரையும் வரிசையா நிக்க வச்சுக் கேப்பாங்க. பேசாம வேற தாள் வாங்கி அந்த 'வரவில்லை' வட்டத்தை அடிச்சுடலாம், நான் சொல்லிக்கிறேன்."

"ஏத்த வேணாம் சார். கிழிச்சுக்கூடப் போடுங்க. சாம்பலும் போட வேணாம். அவ ஏன் வரலைன்னு நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன், அதை அனுப்புங்க. அவங்க என்ன கேட்டாலும் எந்திரிச்சு நின்னு பதில் சொல்லிக்கிறேன். இப்ப எனக்கு அட்மிஷன் ரிஜிஸ்டர் வேணும்."

"எதுக்கு?"

"அவ வீடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது சார்."

சார் தாள்களை ஒன்றாகச் சேர்த்துத் தட்டி நேராக்கினார், நேராக இருந்ததை மறுபடியும் தட்டினார். அவருக்கு இன்னும் ஒன்றரை வருஷம்தான் வேலை, சர்க்கரை உண்டு, நல்ல மனுஷர், எந்தப் பிள்ளையையும் கை நீட்டி அடித்ததில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ரிஜிஸ்டர் வேணாம். நால்ரோட்டுல எறங்கி, ரைஸ்மில்லுக்குப் பின்னாடி ரெண்டாவது சந்து, தகரக் கதவு. இப்பப் போகாதீங்க, வீடு பூட்டிக் கிடக்கும். மில் வேன் அந்தப் பிள்ளைய ஆறரைக்குத்தான் எறக்கி விடும்."

ஜெசிந்தா டீச்சர் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். உங்களுக்கு எத்தனை நாளாகத் தெரியும் என்று அவரைக் கேட்க வாயெடுத்தாள். கேட்டால் அவரும் திருப்பிக் கேட்பார் என்பதால் கேட்கவில்லை.